கேப்டன் பட்டை கட்டாத சீனியர் அழுதால் அணி எழுமா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர்களுடைய கால்பந்து அணி இந்த ஆண்டு 6 ஆட்டம் ஆடி 5-ல் தோற்றிருக்கிறது, ஒன்று டிரா. வாங்கியது 14 கோல். இன்னும் 3 வாரத்தில் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. "நீதானே சீனியர், பையன்களைக் கொஞ்சம் உசுப்பிவிடு" என்று பயிற்சியாளர் சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். தம்பி கேப்டன் இல்லை, ஸ்டாப்பராக, அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிறவராக ஆடுகிறவர். கூட்டத்தில் பேச வராது. போன ஆட்டம் முடிந்தபோது எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டார். "ஒரு சீனியரின் உணர்ச்சி தோற்றுக்கொண்டே இருக்கும் அணியைத் தூக்கிவிடுமா, இல்லை அதெல்லாம் சினிமாவில் மட்டும்தானா?" இதுதான் கேள்வி.

தம்பி, இரண்டு முறை படித்தேன். உணர்ச்சி வேலை செய்யுமா என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கேட்க வந்தது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. பட்டையும் கட்டாமல், பேசவும் தெரியாமல், போன வாரம் அழுதுகொண்டு நின்ற நான் போய் ஒன்றைச் சொன்னால் அந்தப் பையன்கள் காதில் போட்டுக்கொள்வார்களா என்பதுதான் உங்கள் மனதில் ஓடுகிறது. போட்டுக்கொள்வார்கள். அதை 24 வருடத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் பயிற்சியாளர் நினைக்கிற உசுப்பல் அதற்கு உதவாது என்பதையும் பார்த்திருக்கிறேன்.

நான் குமரி மேற்குக் கடற்கரையில் பிறந்து, கல்லூரிக்கு லெஃப்ட் பேக்காக (இடது பக்கத் தடுப்பாளனாக) ஆடி, உடற்கல்வி படித்து, அப்புறம் பள்ளி, கல்லூரிப் பையன்களுக்குப் பந்து சொல்லிக்கொடுத்தே காலத்தை ஓட்டியவன். உளவியல் படித்தவன் இல்லை. விளையாட்டு உளவியல் ஆய்வுகளைத் தேடி வாசிக்கிற பழக்கம் உண்டு. இனி சொல்வதில் மைதானத்தில் பார்த்தது எது, வாசித்தது எது என்று பிரித்தே சொல்கிறேன். உங்கள் அணியை நான் பார்த்ததில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு வேலை. அந்த 14 கோலும் எந்தெந்த நிமிடத்தில் விழுந்தன என்று ஒரு தாளில் எழுதுங்கள். எந்த அணி என் கைக்கு வந்தாலும் நான் முதலில் செய்வது இதுதான். பாதிக்கு மேல் 65, 70-வது நிமிடத்துக்குப் பிறகு விழுந்திருந்தால் உங்கள் பிரச்சினை மனசில் இல்லை, மூச்சில் இருக்கிறது. காலையில் 6 மணிக்கு பஸ் ஏறி, வழியில் ஒரு டீயும் வடையும் சாப்பிட்டு, மதியம் கேன்டீனில் எதையோ கொறித்துவிட்டு, 3 மணி வெயிலில் ஆட வருகிற பையனுக்கு, எந்தச் சீனியர் எவ்வளவு உருகினாலும் 75-வது நிமிடத்தில் கால் வராது. கிழங்கும் மீனும் தின்று வளர்ந்த உடம்பு என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆட்டத்தன்று அந்தக் கிழங்கையாவது நேரத்துக்குச் சாப்பிட்டானா என்று யாரும் கேட்பதில்லை. எல்லா கோலும் ஒரே பேக்கின் முதுகுக்குப் பின்னால் இருந்தே வந்திருந்தால், அது ஆட்களை நிறுத்துகிற விதத்தில் உள்ள கோளாறு, பயிற்சியாளர் சரிசெய்ய வேண்டியது. ஆனால் முதல் கோல் விழுந்த 5, 6 நிமிடத்துக்குள் இரண்டாவது, அதே போல மூன்றாவதும் நான்காவதும் என்று ஜோடி ஜோடியாக விழுந்திருந்தால், நீங்கள் கேட்கிற விஷயம் அந்த 5 நிமிடத்துக்குள்தான் இருக்கிறது. இத்தனை கோல் வாங்கிய அணியில் பெரும்பாலும் அந்த ஜோடிகள் இருக்கும்.

அந்த 5 நிமிடத்தை வெளியிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். கோல்கீப்பர் குப்புறக் கிடப்பான். இரண்டு பேக்கும் ஒருவன் முகத்தை ஒருவன் பார்ப்பான், வாய் திறக்க மாட்டான். ஃபார்வர்டு நடுக்கோட்டில் இடுப்பில் கையை வைத்து நிற்பான். வலைக்குள் கிடக்கிற பந்தை எடுக்கக்கூட யாரும் போக மாட்டார்கள், கடைசியில் எதிரணிக்காரன்தான் காலால் தட்டிவிடுவான். ஆட்டம் மறுபடி தொடங்கியதும் இன்னொன்றைக் கவனியுங்கள். பாஸ் கேட்கிற குரலே இருக்காது. ஒரு பையன் தன்னை மார்க் செய்து ஒட்டி நிற்கிற எதிரணிக்காரனுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவன் சரியான இடத்தில் நிற்பது போலத் தெரியும். உண்மையில் பந்து தன்னிடம் வராத இடமாகப் பார்த்து ஒளிந்திருக்கிறான். தோற்கிற பயம் இல்லை இது. ஐந்து ஆட்டம் தோற்றவர்களுக்குத் தோல்வி பழகிவிட்டது. அடுத்த கோல் என் பெயரில் எழுதப்படக் கூடாது என்கிற பயம்.

திறமைக் குறைவு என்று சொல்லி இதைத் தாண்டிப் போகாதீர்கள். தூத்தூரிலிருந்து நீரோடி வரைக்கும் நடந்து பாருங்கள், சாயங்கால மணலில் பந்து உருளாத ஊர் இல்லை. இரவிபுத்தன்துறையிலிருந்து போய்த்தான் மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா என்று ஐ-லீக், ஐ.எஸ்.எல். என்ற இந்தியாவின் பெரிய கால்பந்து லீக்குகளில் ஆடினார். மணலில் வெறுங்காலில் இரண்டு பேரை ஏமாற்றிப் பந்தைக் கொண்டுபோகிற அதே பையன், கல்லூரி ஜெர்சி போட்டதும் பந்தைக் கண்டு ஒளிகிறான் என்றால், அந்த ஒளிவைத்தான் ஒரு சீனியர் உடைக்க முடியும்.

உணர்ச்சி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆய்வும் அதையே சொல்கிறது. 2000-ல் பீட்டர் டோட்டர்டெல் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் தொழில்முறை கிரிக்கெட் வீரர்களிடம் சின்னக் கையடக்கக் கணினிகளைக் கொடுத்து, ஆட்டம் நடக்கிற நாட்களிலேயே தங்கள் மனநிலையைப் பதியச் சொன்னார். ஒருவரின் மனநிலை கூட ஆடுகிறவர்களின் மனநிலையோடு சேர்ந்தே ஏறி இறங்கியது, ஆட்டத்தில் முன்னிலையா பின்னடைவா என்பதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோதும் அப்படித்தான். 2010-ல் வந்த இன்னொரு ஆய்வு உலகக் கோப்பை, ஐரோப்பிய நாடுகளுக்கு இடையிலான சாம்பியன்ஷிப் பெனால்டி ஷூட் அவுட்களை எடுத்துக்கொண்டது. கோல் போட்டதும் இரண்டு கையையும் தூக்கிக் கொண்டாடியவர்கள் கடைசியில் வென்ற அணியில் இருப்பது அதிகமாக இருந்தது. அப்படிக் கொண்டாடிய பிறகு உதைக்க வந்த எதிரணிக்காரர் தவறவிடுவதும் அதிகமாக இருந்தது. ஆனால் இந்த இரண்டு ஆய்வையும் காட்டி "கையைத் தூக்கினால் ஜெயிக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டும் சேர்ந்து நடந்தன என்பதுதான் தெரிகிறது. ஏற்கெனவே தைரியமாக இருக்கிற அணிதான் கையைத் தூக்குகிறதோ என்னவோ. தொற்றும் என்பது உறுதி. தொற்றியதால்தான் ஜெயித்தார்கள் என்பது உறுதி இல்லை.

இனி நான் பார்த்தது. சில வருடங்களுக்கு முன் திருநெல்வேலி பக்கம் ஒரு மைதானத்தில் எங்கள் அணி ஆடியது. கட்டாந்தரை. மணலில் பழகிய பையன்களுக்கு பந்து எதிர்பார்த்ததைவிட ஒரு முழம் அதிகமாகத் துள்ளியது. அரை நேரத்தில் 2-0 பின்னால் இருந்தோம். இரண்டாவது கோல் எங்கள் கீப்பரின் கால்களுக்கு நடுவே போயிருந்தது. அவன் முதலாம் ஆண்டு, அந்த ஆண்டு அவனுக்கு இரண்டாவது ஆட்டமோ மூன்றாவதோ. எல்லோரும் ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, குளுக்கோஸ் பாக்கெட்டைக் கிழித்து உள்ளங்கையில் கொட்டி நக்கிக்கொண்டிருந்தார்கள். கீப்பர் மட்டும் பத்தடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, கையுறையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். நான் குச்சியால் மண்ணில் படம் போட்டு அவர்களுடைய 7-ம் நம்பரை எப்படி அடைப்பது என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

அந்த அணியில் மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன், கடற்கரைக்காரன், பஸ்ஸில் ஏறினால் இறங்குகிற வரை பேசாதவன். அவன் எழுந்து போய் கீப்பர் பக்கத்தில் உட்கார்ந்தான். கையுறையைக் கழற்றிவிட்டான், அவன் உள்ளங்கையில் குளுக்கோஸைக் கொட்டினான். பிறகு சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "மக்கா, அந்த ரெண்டாவது கோல் ஒனக்க தப்பு இல்ல கேட்டியா. எனக்க தப்பு. அவன் உள்ள ஓடுனத பாத்துட்டே நின்னுட்டேன். பயந்துட்டேன்." கடைசி வார்த்தை வரும்போது தொண்டை அடைத்துவிட்டது. அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. மரத்தடி ஒரு நிமிடம் அமைதியாக இருந்தது. பிறகு நடுவில் ஆடுகிறவன், "முதல் கோல் என்னாலதான், பந்த வச்சு வெளாண்டுட்டேன்" என்றான். ரைட் பேக் ஒன்றைச் சொன்னான். இரண்டு நிமிடத்தில் நான்கு பேர் தங்கள் தப்பைத் தாங்களே சொல்லி முடித்துவிட்டார்கள். நான் குச்சியைக் கீழே போட்டுவிட்டு 7-ம் நம்பரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்.

அந்த ஆட்டத்தில் நாங்கள் ஜெயிக்கவில்லை. 2-1. ஆனால் இரண்டாம் பாதி முழுக்க மைதானத்தில் சத்தம் இருந்தது. "எனக்கு", "பின்னால ஆளு", "விடு விடு" என்று அத்தனை பேரும் கத்தினார்கள். முதல் பாதியில் ஒளிந்தவர்கள் பந்தைக் கேட்டு வாங்கினார்கள். கீப்பர் கோல் கோட்டிலிருந்து வெளியே வந்து இரண்டு பந்தைக் குத்தி எடுத்தான். அடுத்த இரண்டு ஆட்டமும் ஜெயித்தோம். அந்த இரண்டு அணிகளும் கொஞ்சம் பலவீனமானவை, அதனால் எல்லாப் புகழையும் அந்தப் பையனுக்கே கொடுக்க மாட்டேன். ஆனால் அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தப்பு செய்தவன் என்று ஒருவன் தானாகக் கையைத் தூக்கிவிட்டான், அவனை யாரும் ஒதுக்கவில்லை, அப்படியானால் நானும் தப்பு செய்யலாம் என்று மற்றவர்களுக்குத் தோன்றியது. அந்தச் சீனியர் கொடுத்தது அதைத்தான்.

இதற்கு நேர் எதிரானதும் நடந்திருக்கிறது. அதில் தப்பு என்னுடையது. வேறொரு வருடம், நல்ல பேச்சு வருகிற ஒரு சீனியரை நானே ஆட்டத்துக்கு முன்னால் நடுவில் நிறுத்திப் பேசச் சொன்னேன். வட்டமாகத் தோளில் கை போட்டு நின்றோம். ஊர் மானம், அம்மா அப்பா பட்ட பாடு, செத்தாலும் விடக் கூடாது என்று அவன் பேசப் பேசப் பையன்கள் கண் சிவந்துவிட்டது. எனக்கே புல்லரித்தது. உள்ளே போய் முதல் கால் மணிக்குள் எங்கள் ஸ்டாப்பர் இரண்டு முறை காலை வாரி, இரண்டு மஞ்சள் அட்டை வாங்கி வெளியே வந்துவிட்டான். மீதி நேரம் பத்துப் பேர். 4-0. வெளியே வந்த பையன் பூட்ஸைக்கூட அவிழ்க்காமல் அழுதுகொண்டே இருந்தான். அவனுக்கு ஏற்கெனவே இருந்த பயத்தோடு ஊர் மானத்தையும் நாங்கள் ஏற்றி அனுப்பியிருந்தோம்.

பின்னாளில் ஒரு அமெரிக்க ஆய்வைப் படித்தபோது அந்த ஆட்டம்தான் நினைவுக்கு வந்தது. 2019-ல் வந்தது. 23 பள்ளி, கல்லூரிக் கூடைப்பந்து அணிகளின் பயிற்சியாளர்கள் அரை நேரத்தில் பேசிய 304 பேச்சுகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். கோபம், அதிருப்தி போன்றவற்றைக் கொஞ்சம் காட்டியபோது இரண்டாம் பாதி ஆட்டம் மேம்பட்டது. ஒரு அளவைத் தாண்டியதும் அதுவே ஆட்டத்தைக் கெடுத்தது. அது கூடைப்பந்து, பேசியவர்கள் பயிற்சியாளர்கள், எனவே நம் ஊர் கால்பந்துச் சீனியருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் நான் மைதானத்தில் பார்த்ததோடு ஒத்துப்போகிறது.

நீங்கள் சினிமா என்று சொன்னதும் பையன்கள் எப்போதும் காட்டுகிற ஒரு வீடியோ ஞாபகம் வருகிறது. 2005 மே 25, இஸ்தான்புல், ஐரோப்பிய கிளப் அணிகளின் சாம்பியன்ஸ் லீக் இறுதி, லிவர்பூலும் ஏ.சி. மிலானும். மிலான் அரை நேரத்தில் 3-0 முன்னிலை. 54-வது நிமிடத்தில் லிவர்பூல் கேப்டன் ஸ்டீவன் ஜெரார்ட் தலையால் ஒரு கோல் போட்டு, திரும்பி ஓடும்போது இரண்டு கையையும் மேலே மேலே என்று வீசிக் கூட்டத்தை எழுப்புவார். ஆறு நிமிடத்துக்குள் 3-3. கடைசியில் பெனால்டியில் லிவர்பூல் வென்றது. பையன்கள் அந்தக் கையைத்தான் பார்க்கிறார்கள். அரை நேரத்தில் பயிற்சியாளர் ரஃபேல் பெனிட்டஸ் ஒரு டிஃபெண்டரை எடுத்துவிட்டு டீட்மர் ஹாமனை இறக்கி, பின்வரிசையை மூன்று பேராக மாற்றினார் என்பதை யாரும் பேசுவதில்லை. மிலானின் நடுக்கள ஆட்டத்தை அடைக்க ஒரு ஆள் கூடுதலாகக் கிடைத்தான். ஜெரார்டின் கை பெரிய விஷயம்தான். ஹாமன் இறங்காமல் அந்தக் கையை மட்டும் வீசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். அதனால்தான் உங்கள் பயிற்சியாளர் "உசுப்பிவிடு" என்று சொல்லும்போது, "சார், அரை நேரத்தில் நீங்கள் ஒரு மாற்றம் சொல்லுங்கள், நான் பையன்களைப் பேச வைக்கிறேன்" என்று மரியாதையோடு கேட்கலாம். அவருடைய வேலையை உங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கேப்டன் இல்லையே என்று தயங்குகிறீர்கள். கால்பந்து ஆட்ட விதிகளில் 3-வது விதி என்ன சொல்கிறது தெரியுமா? கேப்டனுக்குத் தனி அந்தஸ்தோ சலுகையோ கிடையாது, அணியின் நடத்தைக்கு ஓரளவு பொறுப்பு உண்டு, அவ்வளவுதான். பெல்ஜியத்தில் ஒன்பது விளையாட்டுகளைச் சேர்ந்த 4,451 வீரர்களிடமும் பயிற்சியாளர்களிடமும் கேட்டு 2014-ல் ஒரு ஆய்வு வந்தது. ஆட்டத்தை வழிநடத்துவது, ஊக்கம் கொடுப்பது, அணிக்குள் உறவைக் காப்பது, வெளியில் அணிக்காகப் பேசுவது என்று நான்கு வேலைகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உங்கள் அணியில் சிறந்தவர் யார் என்று கேட்டார்கள். 44 சதவீதம் பேர் இந்த நான்கில் ஒன்றுக்குக்கூடக் கேப்டன் பெயரைச் சொல்லவில்லை. நம் ஊரிலும் நான் கண்டது இதேதான். டாஸ் போட ஒருவன் போவான், பையன்கள் பார்ப்பது வேறொருவன் முகத்தை. ஆனால் ஒன்று. கேப்டனிடம் தனியாக, டீக்கடையிலோ பஸ்ஸிலோ, முன்கூட்டியே பேசிவிடுங்கள். "நான் பின்னாலிருந்து பையன்களைப் பார்த்துக்கொள்கிறேன், முடிவு உன்னுடையது" என்று சொல்லுங்கள். இதைச் செய்யாமல் திடீரென்று நடுவில் நின்று பேசினால் ஒரு வாரத்துக்குள் அணி இரண்டாகிவிடும்.

ஏற்கெனவே இரண்டாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. குமரி மாவட்டக் கல்லூரி அணிகளில் கடலோரப் பையன்கள் ஒரு பக்கம், மார்த்தாண்டம், குலசேகரம், தோவாளை என்று உள்ளே இருந்து வருகிறவர்கள் ஒரு பக்கம். சண்டை எதுவும் இருக்காது. ஆனால் நெருக்கடி வந்தால் சிறு வயதிலிருந்து கூட ஆடியவனைத்தான் கண் தேடும். அரைகுறையாக நிற்கிற தன் ஊர்க்காரனுக்குப் பந்து போகும், ஆளில்லாமல் நிற்கிற மற்றவனுக்குப் போகாது. உங்கள் அணியில் இது இருக்கிறதா என்று தெரிய பஸ்ஸில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்று பாருங்கள், போதும். ஒரு சீனியர் உருகிப் பேசுவது பல சமயம் அவன் ஊர்ப் பையன்களை மட்டும்தான் தொடுகிறது, மற்றவர்கள் அதை அவர்கள் வீட்டு விஷயம் போலப் பார்க்கிறார்கள். அதனால் நீங்கள் முதலில் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டியவன் உங்கள் ஊர்க்காரனாக இருக்கக் கூடாது. மைதானத்தில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவன் ஒரு பந்தைத் தடுத்தால் 40 அடி தள்ளி நின்றாலும் அவன் பெயரைச் சொல்லிக் கத்துங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், என் அனுபவத்தில் எந்தப் பேச்சைவிடவும் இது வேகமாக வேலை செய்தது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வீட்டுத் துக்கத்தை ஆட்டத்துக்கு எரிபொருளாக்க வேண்டாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்த பிறகு நம் கடற்கரையில் பல வீடுகளில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் போட்டோ மாட்டினார்கள். அந்த டிசம்பர் முழுக்க எங்கள் பயிற்சிக்கு கடலோரப் பையன்கள் வரவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை. ஜனவரியில் ஒருநாள் சாயங்காலம் ஒரு சீனியர் தனியாக வந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல் பந்தைச் சுவரில் தட்டிக்கொண்டிருந்தான். அவன் சித்தப்பா கடலிலிருந்து திரும்பவில்லை. அடுத்த நாள் மூன்று பேர் வந்தார்கள், அந்த வாரக் கடைசியில் ஏழு பேர். அந்த ஆண்டு ஒருவர், வெளியிலிருந்து வந்த பெரியவர், "போனவர்களுக்காக ஜெயிக்க வேண்டும்" என்று பையன்களிடம் பேச வந்தார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தோற்றால் அந்தப் பையன் யாருக்குப் பதில் சொல்வான்? பேசாமல் பந்து தட்டிய அந்தச் சீனியர்தான் மற்றவர்களை மைதானத்துக்குத் திரும்பக் கூட்டிவந்தான்.

இப்போது உங்கள் அழுகை. வெட்கப்பட அதில் ஒன்றும் இல்லை. ஐந்து தோல்விக்குப் பிறகும் ஒருவனுக்கு வலிக்கிறது என்று ஜூனியர்கள் பார்த்துவிட்டார்கள். சில பையன்களுக்கு அது தைரியம் கொடுத்திருக்கும், சிலருக்குச் சங்கடமாக இருந்திருக்கும். எது என்று இங்கே இருந்துகொண்டு சொல்ல முடியாது, நீங்களே ஒரு முதலாம் ஆண்டுப் பையனிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால் அது தானாக வந்தது, அதனால் அதற்கு மதிப்பு. அடுத்த முறை வரவழைக்கப் பார்க்காதீர்கள். பையன்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். கண்ணீரோ கோபமோ, அது அணியில் நிற்பது என் கணக்கில் ஒரு ஆட்டம், ஒன்றரை ஆட்டம். அதற்கு மேல் நிற்க வேண்டுமானால் மறுநாள் பயிற்சியில் ஏதாவது இருக்க வேண்டும்.

மூன்று வாரம் இருக்கிறது என்றால் இப்படிச் செய்வேன். பயிற்சிக்கு எல்லோருக்கும் முன்னால் நீங்கள் வந்துவிடுங்கள். முடிந்ததும் கோல்கீப்பரோடு 15 நிமிடம் தங்குங்கள், நீங்களே அவனுக்கு உதையுங்கள். நீங்கள் ஸ்டாப்பர், ஆட்டத்தில் அவன் முகத்துக்கு மிக அருகில் இருக்கிறவர் நீங்கள்தான். பயிற்சி ஆட்டத்தில் கோல் விழுந்தால் வலையிலிருந்து பந்தை எடுக்கிற வேலை உங்களுடையது என்று இன்றே வைத்துக்கொள்ளுங்கள். நடந்து போகக் கூடாது, ஓடிப்போய் எடுத்து, கீப்பர் முதுகில் ஒரு தட்டு தட்டி, பந்தோடு நடுக்கோட்டுக்கு ஓட வேண்டும். ஓடும் வழியில் ஒரே வாக்கியம் சொல்லுங்கள். "அடுத்த 5 நிமிடம் பந்தை நம் பெனால்டி பெட்டிக்கு முன்னால் குறுக்கே போடாதே" என்பது மாதிரி, செய்யக்கூடிய ஒன்று. "விடாதீங்கடா" என்பதில் செய்வதற்கு எதுவும் இல்லை. அரை நேரம் அதிகபட்சம் 15 நிமிடம். முதல் 4 நிமிடம் யாரும் பேசாமல் தண்ணீர் குடித்து மூச்சு வாங்கட்டும். பிறகு நீங்கள் ஒரு நிமிடம், உங்கள் தப்பில் தொடங்கி. மீதி பயிற்சியாளருக்கு. பெஞ்சில் இருக்கிற பையன்களையும் அந்த வட்டத்துக்குள் இழுத்துக்கொள்ளுங்கள், தோற்கிற அணியில் முதலில் விட்டுப்போவது அவர்கள்தான்.

இதையெல்லாம் செய்தும் முதல் சுற்றிலேயே தோற்று வெளியே வரலாம். எதிரே நல்ல அணி வந்தால் அதுதான் நடக்கும், அதை வைத்து நீங்கள் செய்தது வீண் என்று முடிவுகட்ட வேண்டாம். கோல் விழுந்த பிறகு அந்த 5 நிமிடம் எப்படிப் போனது என்பதை மட்டும் பாருங்கள்.

அந்த 14 கோலின் நிமிடங்களையும் எழுதியதும் இங்கேயே போடுங்கள், எத்தனை ஜோடி இருக்கிறது என்று சேர்ந்தே பார்க்கலாம். உங்கள் கோல்கீப்பர் எந்த ஆண்டு படிக்கிறான், அவன் கடைசிக் கோலுக்குப் பிறகு யாரோடு பஸ்ஸில் உட்கார்ந்து வீட்டுக்குப் போனான் என்பதையும் விசாரித்து எழுதுங்கள்.